அணையாத பிரேக் விளக்கு

அத்தியாயம் ஒன்பது

அன்று காலை பத்து மணிக்குப் பெருங்களத்தூர் பெரிய வீட்டின் கார் ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குத் தலைவியான கங்கையம்மாள், அவளுடைய இளைய மகன் கேசவன், இன்ஸ்பெக்டர் வைத்தீஸ்வரன், அவர் காவலில் அழைத்து வந்திருந்த டிரைவர் ஏகநாதன், பம்மல் மெக்கானிக் குப்புராஜ், பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் கிளியம்மாள், குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த துப்பறிவாளர் தோத்தாத்ரி, அவருடைய உதவியாளர் அமலராணி. மொத்தம் எட்டுப் பேர். மூத்த மகன் ஜெயவேலு இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

அவன் இறந்த கார் ஷெட்டின் நடுவில் நின்றது. கறுப்பு நிறம், ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை என்பதில் அந்த வீட்டுக்குப் பெருமை இருந்தது. இப்போது அதன் பின்பக்க இடது கதவு சீட்டோடு ஒட்டிப் போயிருந்தது. முன்பாதி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. கங்கையம்மாளுக்கு அந்தப் பளபளப்பைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

மர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது. பிள்ளை செத்ததற்கு அழுது முடித்துவிட்டாள். இப்போது அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. ஊர் வாய் திறக்க ஆரம்பித்திருந்தது. டிரைவர்தான் கொன்றான் என்று போலீஸ் சொன்னது. டிரைவருக்கு என்ன பகை, வீட்டுக்குள்ளேதான் ஏதோ இருக்கிறது என்று கடைத்தெரு சொன்னது. அதனால்தான் தோத்தாத்ரியை அவளே வரவழைத்தாள். முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டாள்: "யாரு செஞ்சிருந்தாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. எங்க வூட்ல யாரும் இல்லேன்னா அதையும் நாலு பேரு கேக்கற மாதிரி சொல்லணும்."

தோத்தாத்ரி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் குடை. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அமலராணி குரோம்பேட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். அவருக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதைப் பற்றிக் கேட்டால், சார் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதைவிடக் கொலைகாரர்களைத் தேடுவது உடம்புக்கு நல்லது என்பாள்.

நடந்ததை இன்ஸ்பெக்டர் ஒருமுறை சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை ஜெயவேலு பின்சீட்டில் ஏறினான். வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி ரோடு வரை நேர்ச்சந்து. சந்து முனையில் ஏகநாதன் வண்டியை நிறுத்திப் பார்த்தான். ரோடு காலியாக இருந்தது. இடது பக்கம் தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. தாராளமாகக் கடந்திருக்கலாம். ஆனால் கார் ரோட்டின் நடுவே எறும்பாக ஊர்ந்தது. லாரி வந்து மோதியது. கார் கடக்கும்போது பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்ததை லாரி டிரைவரும் பார்த்திருக்கிறான், கிளியம்மாளும் பார்த்திருக்கிறாள். லாரி வருவது தெரிந்தும் ரோட்டின் நடுவில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தவன் கொலைகாரனைத் தவிர வேறு யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஏகநாதன் கை கட்டப்பட்டு நின்றான். பதினொரு நாளில் பாதியாகியிருந்தான். "பெரியம்மா, நான் பிரேக்ல கால் வெக்கல. ஆக்ஸிலேட்டரை அடி மட்டும் மிதிச்சேன். வண்டி இஸ்க்கல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றான். இதை அவன் நூறு தடவை சொல்லியிருந்தான். குரலில் உயிர் இல்லை.

தோத்தாத்ரி மெக்கானிக் குப்புராஜைக் கூப்பிட்டு, இந்த வண்டியின் ஆக்ஸிலேட்டர் மற்ற வண்டிகளைப் போன்றதுதானா என்று கேட்டார்.

"இல்ல சார். அம்பாசடர்ல மிதிச்சா கேபிள் இஸ்த்துக்கினு போயி காத்து வழிய தொறக்கும். உன் காலு இன்னா சொல்லுதோ அதான். இதுல கேபிளே கெடையாது. வெறும் ஒயரு. பெடலு போயி கம்ப்யூட்டர் பொட்டி கைல சேதி சொல்லும். பொட்டி மனசு வெச்சாத்தான் இஞ்சின் ஏறும்."

"ஒருத்தன் ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிச்சா?"

"பொட்டி பிரேக் பேச்சைத்தான் கேக்கும் சார். ஆக்ஸிலேட்டரை நீ எவ்ளோ மிதி, கண்டுக்காது. சேஃப்டிக்குன்னு அப்புடி வெச்சுகீறான்."

"மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்துல கூப்பிட்டா மாமியார் பக்கம் போற புள்ள மாதிரி" என்றாள் அமலராணி. சொன்ன பிறகுதான் நாற்காலியில் இருப்பது யார் என்பது நினைவுக்கு வந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். கங்கையம்மாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

அமலராணி டிரைவர் சீட்டில் ஏறி ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியர் இல்லாமல் வண்டியைக் கிளப்பினாள். ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. காலை எடுக்காமலே இன்னொரு காலால் பிரேக்கை லேசாகத் தொட்டாள். அவ்வளவு பெரிய சத்தம் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல அடங்கி, வெறும் முணுமுணுப்பாயிற்று. பின்னால் பிழைத்திருந்த வலது பக்கச் சிவப்பு விளக்கு சுவரில் ஒரு வட்டம் போட்டது. பிரேக்கை விட்டாள். விளக்கு அணைந்தது, சத்தம் மறுபடி எழுந்தது.

ஜெயவேலுவுக்குக் கடைசியாகக் கேட்டது அந்த முணுமுணுப்புதானா என்று கங்கையம்மாள் நினைத்தாள்.

எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நின்ற இடத்தில் இஞ்சின் அணைந்துவிடாமலிருக்க ஒரே பாதத்தின் முன்பக்கத்தால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்ஸிலேட்டரையும் பிடித்துக்கொள்வார்கள். ஏகநாதன் பதினெட்டு வருஷம் அம்பாசடர் ஓட்டியவன். பதற்றத்தில் இரண்டையும் மிதித்திருப்பான்; கம்ப்யூட்டர் பிரேக்கின் பேச்சைக் கேட்டிருக்கும்.

கேசவன் முதலில் பேசினான். யார் மேலும் குற்றம் இல்லை, பழக்கதோஷம்தான் அண்ணனைக் கொன்றது, ஏகநாதனை விட்டுவிடலாம், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றான். அவன் குரலில் இருந்த பெருந்தன்மையைக் கேட்டு கங்கையம்மாள் முதல்முறையாக நாற்காலியில் முதுகு சாய்ந்தாள். கொலை இல்லை. வீட்டுக்குள் எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் தோத்தாத்ரி.

கிளியம்மாள் பக்கம் திரும்பி, லாரி மோதிய பிறகு அந்தச் சிவப்பு விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். இதை அவளிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

"எரிஞ்சுகினேதான் இருந்திச்சு."

"அப்போ டிரைவர் எங்கே இருந்தான்?"

"அவன் எறங்கி ஓடி வந்து பின்னாடி கதவைப் பிச்சுகினு இருந்தான். ஐயோ ஐயோன்னு அடிச்சுகினான். கையெல்லாம் ரத்தம்."

அமலராணி சீட்டில் இருந்தபடியே தன் கால்களைப் பார்த்தாள். "ஆளு வெளிய, காலும் ஆளோடதான் போயிருக்கும். அப்ப பிரேக்கை மிதிச்சது யாரு சார்?" என்றாள். அவள் குரலில் கேலி இருந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"எப்போ அணைஞ்சுது?" என்று தோத்தாத்ரி கேட்டார்.

கிளியம்மாள் கேசவனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ கொடுப்பவள். "சின்னவரு ஓடியாந்தாரு. முன்பக்கம் குனிஞ்சு இன்னாவோ பண்ணாரு. அப்பாலதான் அணைஞ்சுது. அதுக்கப்புறந்தான் அண்ணனாண்ட போனாரு" என்றாள்.

சாவியை அணைக்கக் குனிந்ததாக கேசவன் சொன்னான். நெருப்புப் பிடித்துவிடக் கூடாதே என்று பயந்தானாம். நியாயமான பதில்தான். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அண்ணனைப் பார்ப்பதற்கு முன்பா என்று கங்கையம்மாளின் மனசு மட்டும் ஒருமுறை கேட்டது. அவள் அதை அடக்கினாள்.

அமலராணி டார்ச்சை வாங்கிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்தாள். அங்கிருந்து அவள் சொல்லச் சொல்ல, தோத்தாத்ரி மற்றவர்களுக்கு விளக்கினார். பிரேக் பெடலின் தண்டுக்கு எதிரே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதற்கு ஒரு மூக்கு. பெடல் சும்மா இருக்கும்போது தண்டு அந்த மூக்கை அமுக்கிக்கொண்டிருக்கும். மிதித்தால் தண்டு விலகும், மூக்கு வெளியே வரும், விளக்கு எரியும். கம்ப்யூட்டருக்குக் கால் தெரியாது, பெடல் தெரியாது. அந்த மூக்கு சொல்வதுதான் அதற்கு வேதம். தண்டில் மூக்கு படும் இடத்தில் ஒரு ஓட்டை உண்டு, அதை ஒரு ரப்பர் பொத்தான் அடைத்திருக்கும்.

"பொத்தான் விழுந்துட்டா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அமலராணி கீழே இருந்து பொத்தானைப் பிடுங்கினாள். மூக்கு ஓட்டை வழியே வெளியே நீண்டது; சுவரில் சிவப்பு வட்டம் தோன்றியது. அவள் கையாலேயே ஆக்ஸிலேட்டரை அடி வரை அமுக்கினாள். இஞ்சின் முணுமுணுத்தது. அவ்வளவுதான். பிரேக்கை யாரும் தொடவில்லை.

வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினாள். கறுப்பு ரப்பர், கடைப் புதுசு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறாதது. குப்புராஜ் எட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

"இது நான் போட்டது இல்ல" என்றான்.

போன மாதம் பழைய பொத்தான் பொடிந்து விழுந்து, வண்டி இதே ஷெட்டுக்கு வெளியே இழுக்காமல் நின்றுவிட்டதாம். இந்த வண்டிக்கு அசல் பொத்தான் மெட்ராஸில் கிடைக்காது. அதனால் ஒரு ஹவாய் செருப்பின் வாரை அறுத்து, நீல ரப்பரில் ஒரு பொத்தான் செதுக்கிப் போட்டானாம்.

"கப்பல்ல வந்த காருக்கு ஹவாய் செருப்பு. ஊரு விட்டு ஊரு வந்தா எல்லாரும் அதைத்தான் மாட்டிக்கணும் போல" என்றாள் அமலராணி.

"அந்த வேலை நடக்கும்போது பக்கத்துல யார் இருந்தா?" என்றார் தோத்தாத்ரி.

குப்புராஜ் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். பிறகு, கேசவண்ணன்தான் டார்ச் பிடித்தார், எது எதனால் என்று கேட்டார், நானும் சொன்னேன் என்று முணுமுணுத்தான்.

கேசவன் சிரித்தான். டார்ச் பிடித்தவனெல்லாம் கொலைகாரனா என்று கேட்டான். அப்படியே பொத்தானைப் பிடுங்கியிருந்தால் வண்டி ஷெட்டிலேயே நின்றிருக்குமே, சந்து முனை வரை எப்படிப் போயிற்று என்று கேட்டான்.

நல்ல கேள்வி. கங்கையம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் தோத்தாத்ரி அவளிடம் கோயில் பரிவட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டு மூத்தவனின் தலையில் கட்டப்படும் பரிவட்டத்தை, வரும் பங்குனியில் தான் விலகிக்கொண்டு, தம்பிக்கு விடாமல் தன் மருமகனுக்குக் கட்ட வைப்பதாக ஜெயவேலு ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தான். அன்று கேசவன் சாப்பிடவில்லை. அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் இருக்கும் என்று சொல்லி அவள் தோத்தாத்ரியின் வாயை அடைத்திருந்தாள்.

"சந்து நேரா இருக்கு. காலைல ஆள் நடமாட்டம் கிடையாது. ஷெட்லேருந்து முகம் வெளியே பார்த்துத்தான் வண்டி நிக்கும்" என்றார் தோத்தாத்ரி. "அதனால இந்த வீட்டு வண்டி எதுவும் முதல் பிரேக் போடறது சந்து முனைலதான். மிதிக்கற வரைக்கும் இடுக்குல நிக்கணும். மிதிச்ச உடனே விழுந்துடணும். விழுந்ததைத் தேடினா அப்புறம் கிடைக்கக் கூடாது. அப்படி ஒரு பொருள் வேணும்."

பிறகு ஏகநாதனைப் பார்த்து, சந்து முனையில் பிரேக் போட்டபோது வித்தியாசமாக ஏதாவது கவனித்தானா என்று கேட்டார்.

ஏகநாதன் யோசித்தான். ஒன்றும் இல்லை என்றான். பிறகு, சம்பந்தம் இல்லாததைச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்பவனைப் போலச் சொன்னான்: "கால் மாட்டுல ஏதோ உருண்டுது சார். குனிஞ்சு பாக்க முடியல. கற்பூர வாசனை வந்துது. கோயில்ல நிக்கற மாதிரி."

தோத்தாத்ரி மெதுவாகத் தலையாட்டினார். பொத்தானுக்குப் பதிலாக வைத்த கட்டிக் கற்பூரம் பிரேக்கை மிதிக்கும்வரை இடுக்கில் கெட்டியாக நிற்கும். விழுந்தால் காலடியில் பொடியாகும். மிச்சம் ஒரு வாரத்தில் காற்றோடு போய்விடும். ஓடி வந்து குனிந்தவன் ஓட்டையில் புதுப் பொத்தானைச் சொருகினால் விளக்கும் அணைந்துவிடும். பொடியைக் கையில் எடுத்துக் காட்ட இனி எந்தப் போலீஸாலும் முடியாது.

"கற்பூரம் இல்லாத வண்டி எதுங்க?" என்றான் கேசவன். வேகமாகச் சொன்னான், கொஞ்சம் அதிக வேகமாக. "அன்னிக்குக் காலைல அம்மா பூஜை ரூம்ல கற்பூரம் ஏத்துனாங்க. நான்தான் தட்டை எடுத்தாந்து வண்டிக்குக் காட்டினேன். ஒரு வில்லை உள்ள வுழுந்திருக்கும். இதுல இன்னா கீது?"

இன்ஸ்பெக்டர் தோத்தாத்ரியைப் பார்த்தார். அவருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. தோத்தாத்ரியிடமும் மேற்கொண்டு ஒன்றும் இல்லை என்பதை கங்கையம்மாள் கண்டுகொண்டாள். புது ரப்பர் பொத்தான் யார் வேண்டுமானாலும் போட்டதாக இருக்கலாம். குனிந்தது சாவிக்காக இருக்கலாம். கற்பூரம் தட்டிலிருந்து விழுந்திருக்கலாம். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அம்மா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குக் காலைல வீட்ல கற்பூரம் ஏத்தினேளா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேசவன் வீட்டுக்குள் போவான். பொத்தானைப் பிடுங்கிய பழியோடு ஏகநாதன் மறுபடி ஜீப்பில் ஏறுவான். கடைத்தெரு கொஞ்ச நாள் பேசும், பிறகு வேறு விஷயம் கிடைக்கும். ஜெயவேலு எப்படியும் திரும்பப் போவதில்லை. இருக்கிற ஒரு பிள்ளையாவது மிஞ்சுவான்.

அவள் கேசவனைப் பார்த்தாள். அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும்.

ஜெயவேலு இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு பம்மலில் பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவர் செத்துப்போனார். தூரத்துப் பங்காளி. ஆனாலும் பங்காளி பங்காளிதான். பதினாறு நாள் தீட்டு. சாவுச் சேதி வந்த அன்றே கங்கையம்மாள் பூஜை அறையைப் பூட்டினாள். விளக்கில்லை, மணி இல்லை, கற்பூரம் இல்லை. கிளியம்மாளிடம்கூடப் பூ வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அந்த வீட்டில் பிறந்த எவனும் தீட்டுக்குள் கற்பூரத்தைக் கையால் தொடமாட்டான். தொட்டவனுக்கு அது வெறும் வில்லையாகத்தான் தெரிந்திருக்கிறது. சாமிக்கு ஏற்றுகிற பொருளாகத் தெரியவில்லை. இது எதுவும் திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. குரோம்பேட்டைக்காரரான தோத்தாத்ரிக்கும் தெரியாது.

"அம்மா" என்றான் கேசவன்.

அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"ஏத்தல" என்றாள் கங்கையம்மாள். "அன்னியோட ஒன்பது நாளா எங்க வூட்ல தீட்டு. பூஜை ரூம் சாவி என் கைல இருந்துது. நான் தொறக்கல. வண்டிக்குத் தட்டு வரல. இவன் சொல்றது பொய்."

அவளே தொடர்ந்தாள். ஏகநாதனின் கையை முதலில் அவிழ்த்துவிடச் சொன்னாள். அவன் பதினெட்டு வருஷம் தன் வீட்டுச் சோறு தின்றவன், அவன் கட்டப்பட்டு நிற்பதைத் தான் இனிப் பார்க்க முடியாது என்றாள். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட வாசலுக்குப் போனார். கேசவன் ஓடவில்லை. காரின் பளபளத்த முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு, பரிவட்டம் எனக்குத்தானே வரணும் என்று யாரிடமோ சொன்னான். அமலராணி டார்ச்சை அணைத்துவிட்டுத் தன் வேலை முடிந்தவளாக ஒதுங்கி நின்றாள்.

இதைப் பற்றிப் பெருங்களத்தூரில் பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பியது. கங்கையம்மாள் பதில் சொல்ல ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டாள், சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, பெயர் கெடாமலிருக்க இதுதான் வழி என்று முடிவுசெய்த பிறகே வாயைத் திறந்தாள் என்று. அது உண்மையில்லை. கேள்வி கேட்ட இடத்திலேயே, யாரையும் கலக்காமல் சொன்னாள். பதினொன்றரை மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள். அதன் முதல் வரியில் இன்ஸ்பெக்டர் 'இறந்த ஜெயவேலுவின் தாயார்' என்று எழுதியிருந்தார். 'கேசவனின் தாயார்' என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி, எழுதிய பிறகுதான் பேனாவை வாங்கினாள்.